பலகையில் எழுதிய பாவம்

"மாமா, ஸச்மே, நெஜமாவே ஜெயிலுக்குப் போப்போறீங்களா?"

போன திங்கட்கிழமை காலை. சயான் சிக்னலில் வேன் நிற்கிறது. பின் சீட்டிலிருந்து வந்தது கேள்வி. கேட்டவன் மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டு இல்லாதவன். அதுவரை கத்திக்கொண்டிருந்த பதினோரு வாயும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன.

"இல்லடா. போகல. ஸாரி எழுதிக் குடுத்தாச்சு."

"அப்டின்னா தப்பு பண்ணீங்களா?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். கியரைப் போட்டேன். 

பதில் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பார்த்ததைச் சொல்லுங்கள், பயப்படாமல் சொல்லுங்கள் என்று இந்தச் சிறுவர் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன்? உங்களில் சிலர் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருப்பதாகக் கடிதம்கூடப் போட்டீர்கள். அந்த ஆள்தான் போன வெள்ளிக்கிழமை கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னதற்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தான்.

ஆகவே இந்த வாரம் அந்த இரண்டு பல் இல்லாதவனுக்கான பதில். மற்ற பிள்ளைகளும் படிக்கலாம். கொஞ்சம் கசக்கும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். எனக்கு இப்போது வக்கீல் இருக்கிறார்! மாட்டுங்காக்காரர். அவர் பேரன் என் வேனில் வருகிறான். வக்கீல் மாமி என்றுதான் கூப்பிடுவேன். எழுதியதை முதலில் அவரிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவால் நிறைய அடித்துக் கொடுத்தார். அவர் சொன்னபடி, இதில் வரும் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் பெயர் கிடையாது. கட்டிடத்துக்கும் பெயர் கிடையாது. எங்கள் பக்கம் செயலாளர் இல்லாத கட்டிடம் இல்லை. புறா உட்காராத மொட்டைமாடியும் இல்லை. யாராவது தன்னைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல... கடைசி வாக்கியத்தை மாமி இரண்டு முறை அடித்தார். மூன்றாவது முறையும் எழுதியிருக்கிறேன்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தாராவியிலிருந்து மாட்டுங்கா பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறேன். ஒரே மகள். எட்டாம் வகுப்பு. வீட்டில் இசக்கி, பள்ளிக்கூடத்தில் இஷா. இங்கிலீஷ், இந்தி, மராட்டி மூன்றும் கடகடவென்று வரும். தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எழுதினாலோ, புள்ளி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். 'அமமா கடைககுப போயிருககேன' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவாள். அதைப் படித்து முடிப்பதற்குள் கடையிலிருந்து திரும்பியே வந்துவிடுவாள்.

"டாட் போடலன்னா என்னப்பா? புரியுதுல்ல?" என்பாள்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கட்டிடத்தில் ஏழு மாடி. கீழே லிஃப்ட் பக்கத்தில் ஒரு கரும்பலகை. பாதி மராட்டிக்கு, பாதி தமிழுக்கு. தமிழ்ப் பாதியை எழுதுவது பல வருஷமாக என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும், வயசானவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியும், அவ்வளவுதான். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், யார் வீட்டில் துக்கம், எந்த ஊர்க் கோயிலில் கொடை விழா... இதுதான் எழுதுவேன். காலையில் வேன் எடுக்கப் போகும்போது எழுதிவிட்டுப் போவேன்.

மழைக்காலம் முடிந்த சமயம் இசக்கிக்கு மஞ்சள் காமாலை வந்தது. செம்பூரில் என் மைத்துனி வீட்டில் மூன்று வாரம் வைத்திருந்தோம். தேறி வந்தாள். வந்த அன்றைக்கே குழாயைத் திறந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, தண்ணில வாஸ் வருது."

எனக்கும் அந்த நாற்றம் வந்தது. இத்தனை நாளும் வந்திருக்க வேண்டும். எங்கள் மூக்கு அதற்குப் பழகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். இசக்கியும் கூடவே வந்தாள். பெரிய தொட்டிக்கு மூடி இல்லை. எப்போதோ காற்றில் போனது, போனதுதான். உள்ளே இருட்டு. என் போனில் டார்ச் போட்டு அவள் பிடித்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

புறா. ஒன்றுதான். செத்து எத்தனை நாள் ஆயிற்றோ... அதற்கு மேல் வர்ணிக்கவில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பிள்ளைகள்.

இசக்கி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு வாளியைக் கயிற்றில் விட்டு அதை எடுத்து, பேப்பரில் சுற்றி, கீழே கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டேன். உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். முதலில் எடுத்து வெளியே போடுவோம். போட்டோ எடுக்கத் தோன்றுமா? எனக்குத் தோன்றவில்லை. போன் கையிலேயே இருந்தது. டார்ச்சாக இருந்தது!

கீழே வந்தால் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டீஸ். மேல் தொட்டி நல்லபடி சுத்தம் செய்யப்பட்டது என்று அதற்கு முந்தைய வாரத் தேதி போட்டு, கீழே செயலாளர் கையெழுத்து.

செயலாளரை நாங்கள் அண்ணாச்சி என்போம். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். பெரிய கடை உண்டு. கட்டிடத்தில் அவருக்கு வீடு இருக்கிறது, ஆனால் குடியிருப்பது வேறு இடத்தில். எந்த இடம் என்று எழுதியிருந்தேன், மாமி அடித்துவிட்டார். எங்கள் தொட்டித் தண்ணீரை அவர் குடிப்பதில்லை. இதை மாமி அடிக்கவில்லை.

சாக்பீஸை எடுத்தேன். எழுதியது இவ்வளவுதான்:

'மேல் தொட்டியில் செத்த புறா கிடந்தது. எடுத்துப் போட்டாச்சு. தொட்டிக்கு மூடி இல்லை. சுத்தம் செய்ததாக நோட்டீஸ் ஒட்டியிருக்கும் செயலாளருக்கு இது தெரியாது போல. பாவம். பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கவும்.'

இசக்கியின் காமாலையைப் பற்றி எழுதவில்லை. அது இந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. தெரியாததை எழுதக்கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன்.

ஒன்றைத் தவிர. 'பாவம்.'

அந்த இடத்தில் சாக்பீஸ் ஒரு நிமிஷம் நின்றது. உங்களிடம் மறைக்க மாட்டேன்... அதில் கொஞ்சம் நக்கல் இருந்தது. நோட்டீஸில் அந்தத் தேதியைப் பார்த்ததும் வந்த கோபம், நக்கலாக இறங்கிவிட்டது. நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் அந்த வார்த்தையை! பஸ்ஸைத் தவறவிட்டவர் பாவம். பரீட்சையில் தூங்கினவன் பாவம். மழையில் நனைகிற நாய் பாவம்.

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். பலகை முன்னால் நின்றார். நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏல, இங்க வா. இது யாரு எழுதுனது?"

"நான்தான் அண்ணாச்சி. புறா கெடந்துச்சு. பாத்தேன், எழுதுனேன்."

"புறாவ விடு. புறா எங்கதான் சாகல? என்னையப் பாவம்னு எழுதிருக்கியே, நீ யாருல என்னையப் பாவம்னு சொல்லுததுக்கு? நான் என்ன பிச்சக்காரனா?"

"அப்பிடி இல்ல அண்ணாச்சி..."

"களவாணின்னு எழுதிருந்தாக்கூட பொறுத்துருப்பேன்ல. பாவமாம்லா, பாவம்!"

கையாலேயே அழித்தார். சட்டைக் கை பூராவும் வெள்ளை.

மூன்றாம் நாள் தொட்டிக்குப் புது மூடி வந்துவிட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. எழுதினது அழிந்துபோனாலும், படித்தவர்கள் படித்துவிட்டார்களே! ஒரு கல்யாணப் பந்தியில் எவனோ அவரைப் 'புறா அண்ணாச்சி' என்று கூப்பிட்டானாம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்கு வருகிற பையன்கள் 'புறா கடை' என்றார்கள். அவர் பேத்தியை வகுப்பில் அதையே இந்தியில் 'கபூதர்' என்று கிண்டல் செய்தார்களாம். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. ஆனால் நான் எழுதாமல் இருந்தால் அது வந்திருக்காது. அவருக்கு வலித்திருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து கோர்ட்டிலிருந்து எனக்குத் தபால் வந்தது.

அவதூறு என்று ஒரு வார்த்தை இருக்கிறது பிள்ளைகளே. ஒருவரின் நல்ல பெயர் கெடும்படி பேசுவது, எழுதுவது. நஷ்ட ஈடு கேட்டுப் போடுகிற வழக்கு ஒரு வகை. குற்றம் என்று போடுகிற வழக்கு இன்னொரு வகை. என் மேல் போட்டது இரண்டாவது வகை. அதாவது திருடினவன், கத்தியால் குத்தினவன் எல்லாம் நிற்கிற அதே வராந்தாவில், சாக்பீஸால் எழுதினவனும் நிற்க வேண்டும்.

தபாலை எடுத்துக்கொண்டு வக்கீல் மாமி வீட்டுக்கு ஓடினேன். மாமி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போட்டோ எடுத்தேளா?"

"இல்ல மாமி. எடுத்து வெளிய போட்டேன்."

"சாட்சியைக் குப்பையில போட்டுட்டு வந்திருக்கேள். சரி. வேற யார் பார்த்தா?"

"இசக்கி."

மாமி தபாலை மறுபடி பிரித்தார். நான் கேட்டேன்.

"மாமி, பழைய சட்டம் எல்லாம் போயி புதுசு வந்துட்டுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே? இது போகலையா?"

"நம்பர் மாறித்து. இது போகலை. ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். இல்லேன்னா ஃபைன். புதுசா சமூக சேவைன்னு ஒண்ணு சேர்த்திருக்கா."

"சமூக சேவைன்னா தொட்டி கழுவச் சொல்லுவாங்களா? அதத்தான மாமி செஞ்சேன்!"

மாமி சிரிக்கவில்லை.

"ஆனா நான் எழுதுனது உண்ம மாமி."

"உண்மைன்னா மட்டும் போறாது. அது பொது நன்மைக்குன்னும் காட்டணும். ரெண்டையும் நீங்கதான் காட்டணும், அவா இல்லை. மூடி போட்டுட்டாளே, அதைச் சொல்லியே ஜெயிக்கலாம். ஜெயிப்பேள். ஆனா எப்போ? நாலு வருஷம் ஆகலாம், ஆறு ஆகலாம்."

ஆறு வருஷம்! எனக்கு ஜூன் மாதம் வரைதான் நேரம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு வருஷா வருஷம் போலீஸிலிருந்து சர்ட்டிஃபிகேட் வேண்டும், ஆள் மேல் கேஸ் ஏதும் இல்லை என்று. பள்ளிக்கூட ஆபீஸில் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "கேஸ் இருந்தா வண்டி கேட்டுக்குள்ள வராது" என்றார் கிளார்க். தப்பு சொல்ல முடியாது. உங்களை ஏற்றிப் போகிற வண்டி. என்ன கேஸ் என்று பார்த்துக்கொண்டிருப்பார்களா?

இசக்கியின் சிவிக்ஸ் புத்தகத்தில் பேச்சு சுதந்திரம் என்று ஒரு பாடம் இருக்கிறது. பரீட்சைக்கு இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"அப்பா, இதுல ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச் இருக்கு. நீங்க கேஸ்ல ஜீத்துடுவீங்க!"

"அடுத்த பாராவைப் படி."

படித்தாள். நியாயமான கட்டுப்பாடுகள் என்று ஒரு பட்டியல். அதில் அவதூறும் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அப்ப ஃபர்ஸ்ட் பாரா எதுக்குப்பா?"

 

கோர்ட்டுக்குப் போனோம். அங்கேதான் தெரிந்தது, நான் எழுதினதைத் தாக்கல் செய்தவர்கள் கூடவே மொழிபெயர்ப்பும் வைத்திருக்கிறார்கள் என்று. ஒரு வீட்டுக்காரர் எதற்கோ பலகையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். புறாவைப் படம் எடுக்க ஆள் இல்லை. பலகையைப் படம் எடுக்க ஆள் இருந்தது! மொழிபெயர்த்தவர் நெருளில் இருப்பவர். நல்ல மனிதர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அகராதி வைத்துக்கொண்டு நேர்மையாகத்தான் செய்திருக்கிறார். மாமி அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்:

"'செயலாளர் ஒன்றும் தெரியாதவர் போல் இருக்கிறார். பாவம் செய்தவர்.'"

 அகராதியைத் திறந்தால் முதல் அர்த்தம் அதுதான். புண்ணியத்துக்கு எதிர். நாயைப் பார்த்து நாம் சொல்கிற பாவம் அந்தப் பக்கத்தில் எங்கேயோ கடைசியில் இருக்கும்.

ஜட்ஜ் மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"'பாவம்' மஞ்சே காய்?"

'பாவம்' என்றால் என்ன? இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.  மராட்டியில் ஒரே ஒரு வார்த்தைதான் கிடைத்தது, 'ஐயோ, பரிதாபம்' என்பது போல.

"பிச்சாரா, மேடம்."

பின் வரிசையில் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரர்கூட. அந்தப் பக்கத்து வக்கீல் உடனே எழுந்தார். பார்த்தீர்களா, ஒரு கௌரவமான மனிதரைப் பிச்சாரா என்று நையாண்டி செய்திருக்கிறார், அவர் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார் என்றார்.

கேட்டீர்களா கதையை? அகராதிப் பாவமாக இருந்தால் நான் அவரைப் பாவி என்றேன், அது குற்றம். நம் வீட்டுப் பாவமாக இருந்தால் நான் அவரைக் கேலி செய்தேன், அதுவும் குற்றம். செத்த புறாவைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. அதைக் குடித்த நாற்பது வீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு வார்த்தையை நடுவில் போட்டுச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

அந்த அறையில் அந்த வார்த்தையின் அர்த்தம் சரியாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், மாமி, அண்ணாச்சி. மாமி எழுந்து சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஊர்க்காரர்கள்தானே, வெளியே போய்ப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார் ஜட்ஜ் மேடம். வராந்தா பெஞ்சில் நானும் அண்ணாச்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். பாவம்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னல? தெரிஞ்சதுனாலதான வலிக்கு."

"பெறவு ஏன் உள்ள சொல்லல?"

டீயை ஊதினார்.

"வக்கீல் பேசையில நடுவுல பேசக்கூடாதுன்னு சொல்லிருக்காரு."

டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"எனக்கும் ஒன்னைய உள்ள தள்ளணும்னு ஆச இல்லடே. போர்டுல நாலு வரி எழுதிப் போட்டுரு. ஏழு நாள் இருக்கட்டும், கேஸ வாபஸ் வாங்கிருதேன். நீ எழுதுனத எத்தன பேரு படிச்சானோ, அத்தன பேரும் இதையும் படிக்கணும். அவ்ளோதான்."

ஒரு விதத்தில் அது நியாயமாகக்கூட இருந்தது. அவர் வக்கீல் எழுதிவைத்திருந்த நாலு வரியைப் படிக்கும் வரை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"கையெழுத்தப் போட்டுட்டு வந்துருங்க. புறா செத்துட்டு. நாம இருக்கணும்லா?"

இசக்கி குதித்தாள்.

"நோ! நான் பாத்தேன்ல? டார்ச் நான்தான புடிச்சேன்? நான் வந்து ஜட்ஜ்கிட்ட சொல்றேன்."

சொல்லியிருப்பாள். பயப்படுகிற பெண் இல்லை. ஆனால் மாமி ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார்: "கொழந்தையைக் கூண்டுல ஏத்தாதீங்கோ. அப்போதான் காமாலையிலேர்ந்து எழுந்திருக்கா. காமாலைங்கற ஒரு வார்த்தை போறும் அவாளுக்கு. அவ கண்ணையே கேள்வி கேட்பா."

வெள்ளிக்கிழமை மறுபடி கோர்ட்டுக்குப் போய், அதே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போட்டேன் கையெழுத்து.

சனிக்கிழமை காலை பலகையில் எழுதினேன். இங்கிலீஷில் கொடுத்திருந்ததைத் தமிழில் மாற்றும் வேலையும் எனக்குத்தான்.

'இந்தப் பலகையில் நான் எழுதியது நமது செயலாளரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்பதாகும். பாவம் என்ற சொல்லை எழுதியது தவறு. அதை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன். செயலாளர் தமது கடமைகளை எந்நாளும் செவ்வனே செய்துவந்துள்ளார். இனி இவ்வாறு எழுத மாட்டேன்.'

ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். நாலாவது வாக்கியத்தில் கை நின்றது. 'எந்நாளும்.' மூடி இல்லாத நாளும் அதில் சேர்த்திதான். இத்தனை வருஷத்தில் அந்தப் பலகையில் நான் எழுதிய முதல் பொய் அது. கையெழுத்து வழக்கம் போலக் குண்டு குண்டாக, கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி இருந்தது.

இசக்கி பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நின்று, எழுத்துக் கூட்டி, முழுவதையும் படித்தாள். அவ்வளவு நீளமாகத் தமிழ் படித்து நான் பார்த்ததே இல்லை. படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் வேனில் ஏறிக்கொண்டாள். ஒரு வாரமாக என்னோடு இங்கிலீஷில்தான் பேசுகிறாள். 'எஸ்', 'நோ', 'ஓகே'.

வகுப்பில் ஒருவன் உங்களைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் டீச்சர் என்ன செய்வார்? கூப்பிட்டது தப்பு, ஸாரி சொல் என்பார். சரி. ஆனால் அவனைப் பூட்டி வைப்பாரா? அதைவிட முக்கியம்... உங்கள் சாப்பாட்டு டப்பாவில் பூச்சி இருக்கிறது என்று சொன்னவனையும் பட்டப்பெயர் வைத்தவனையும் ஒரே பெஞ்சில் ஏற்றி நிறுத்துவாரா? அண்ணாச்சியின் பெயர் கெட்டுப்போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் பெயரைக் கெடுத்தது என் சாக்பீஸா, தொட்டியில் கிடந்ததா? ஜெயில் என்று ஒன்றைப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு 'பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்றால் யார் பேசுவார், யார் முடித்துக்கொள்வார்? எங்கள் கட்டிடத்தில் இப்போது யாரும் பலகைப் பக்கம் போவதில்லை. மூன்றாவது மாடியில் சுவரில் கரண்ட் அடிக்கிறதாம். என் காதில் வந்து சொன்னார்கள். எழுதட்டுமா என்றேன். "ஐயோ, வேண்டாம் மாமா. எங்க பேரச் சொல்லிராதீங்க" என்றார்கள்.

நேற்று வரைக்கும் இந்தப் பத்தி இங்கேதான் முடிந்தது. மாமியிடம் காட்டியதும் இதுவரைதான். இனி வருவதை மாமி பார்க்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. ஆறாவது நாள். காலை ஆறரைக்கு வேன் எடுக்கக் கீழே வந்தேன். என் நாலு வரி மன்னிப்புக்குக் கீழே ஒரு வார்த்தை சேர்ந்திருந்தது. சாக்பீஸ்தான். கோணல் மாணலாக, கொஞ்சம் தாழ்வாக, ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில்.

'பாவம'

யார் எழுதியது? எனக்குத் தெரியாது.  புள்ளி வைக்காத பிள்ளைகள் எங்கள் கட்டிடத்தில் நிறைய.

யாரைச் சொல்கிறது அது? அண்ணாச்சியையா? புறாவையா? மன்னிப்பு எழுதினவனையா? அதுவும் தெரியாது. அகராதிப் பாவமா, நம் வீட்டுப் பாவமா? இந்தத் தடவை எந்த ஜட்ஜ் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

ஏழு மணிக்கு வாட்ச்மேன் வந்து பலகையைப் படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்ப வேண்டும். தினமும் அனுப்புகிறார். ஏற்பாடு அப்படி. திரும்பப் பெற்ற வார்த்தை திரும்ப வந்திருப்பதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதமும் தெரியும். வேன் சாவி கையில் இருந்தது. ஈரத்துணியை எடுத்தேன். துடைக்க இரண்டு செகண்ட் போதும்.

அழித்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி தமிழில் எழுதுமா?

துணியைக் கீழே வைத்தேன். யாராவது கேட்டால் எழுதினது நான்தான் என்று சொல்ல அதில் என் கையும் கொஞ்சம் இருக்க வேண்டாமா?

சாக்பீஸை எடுத்து, 'ம' மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு, வேனைக் கிளப்பினேன்.